பாலும் நெய்யும் இல்லாத காய்கறி ஓட்ஸ் பொங்கல்: ஒரு முழுமையான வழிகாட்டி

என் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்த ஆண்டில்தான் எங்கள் வீட்டுக்குள் ஓட்ஸ் நுழைந்தது. காலையில் இட்லியின் எண்ணிக்கையைக் குறைத்து, வாரத்தில் மூன்று நாளாவது ஓட்ஸ் கொடுத்துப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்; நானும் அதைப் பாலில் வேகவைத்து, பேரீச்சம்பழத்தைப் பொடியாக அரிந்து போட்டுக் கொடுத்தேன். நான்காம் நாள் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அம்மா கேட்டார்: "கம்மங்கூழுக்கே உப்பும் சின்ன வெங்காயமும் கேக்குதுல்லத்தா, இதுக்கு மட்டும் எதுக்குப் பாலையும் இனிப்பையும் ஊத்துற?"

அன்றிலிருந்துதான் நான் ஓட்ஸை ஒரு தானியமாகப் பார்க்கத் தொடங்கினேன். குளிர் நாட்டுப் பயிர் என்றாலும், உப்பும் தாளிப்பும் பருப்பும் சேரும்போது பச்சரிசிக்கும் சாமைக்கும் எந்தப் பக்குவம் பொருந்துகிறதோ அதே பக்குவம் இதற்கும் பொருந்துகிறது. அந்த வகையில், பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்த்து, பாலோ நெய்யோ தயிரோ ஒரு துளியும் இல்லாமல், வெண்பொங்கலைவிடச் சற்றுத் தளர்வான பதத்தில் செய்யும் காலை உணவைப் பற்றியது இந்த வழிகாட்டி. பலரும் இதைச் செய்து பார்த்து, "கொழகொழவென்று ஆகிவிட்டது, காரட் மட்டும் நறுக்கென்று கடிபடுகிறது" என்று கைவிட்டதை நான் அறிவேன். அதற்குக் காரணம் ஒன்றே: காய் வேகும் நேரம் வேறு, ஓட்ஸ் வேகும் நேரம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி வேகவைத்தால், காய் வேகும் முன்பே ஓட்ஸ் கூழாகிவிடும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் தானாகவே விளங்கும்.

எந்த ஓட்ஸை வாங்குவது

கடைகளில் மூன்று வகைகள் கிடைக்கின்றன. முழு மணியை இரும்புக் கத்தியால் இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டியது ஸ்டீல் கட் ஓட்ஸ். பார்ப்பதற்கு உடைத்த கோதுமை ரவையைப் போல இருக்கும், வேக 25 முதல் 30 நிமிடங்கள் ஆகும். மணியை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே அவல் போல அழுத்தியது ரோல்டு ஓட்ஸ். இது 5 முதல் 7 நிமிடங்களில் வெந்துவிடும். அதையே மேலும் நறுக்கி, இன்னும் மெல்லியதாக அழுத்தியது இன்ஸ்டன்ட் ஓட்ஸ். கொதிநீர் பட்டவுடன் கரையத் தொடங்கிவிடும்.

இந்தப் பொங்கலுக்கு ரோல்டு ஓட்ஸே ஏற்றது. இன்ஸ்டன்ட் வகையில் துண்டுகள் மிகச் சிறியவை என்பதால், அது பசைபோல ஆவதோடு இரத்தச் சர்க்கரையையும் விரைவாக உயர்த்தும். சர்க்கரைக்காக ஓட்ஸ் சாப்பிடுகிறவர்கள் அதை வாங்குவதில் பொருளில்லை. மசாலா கலந்த சிறு பாக்கெட்டுகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் உப்பின் அளவு நம் கையில் இல்லை. காய்கறி என்று சேர்ந்திருப்பதும் உலர்ந்த சில துணுக்குகள்தான். பாக்கெட்டின் பின்புறத்தில் உள்ள சேர்மானப் பட்டியலில் ஓட்ஸ் என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் அதுவே நமக்கு வேண்டியது.

ஓட்ஸில் மற்றத் தானியங்களைக் காட்டிலும் கொழுப்புச் சத்து கூடுதல். 100 கிராமில் ஏறத்தாழ 7 கிராம் இருக்கும். எனவே சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர் அடுப்பங்கரை அலமாரியில் வாய் திறந்த பாக்கெட்டாகக் கிடந்தால், சில வாரங்களிலேயே எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அரைக் கிலோவுக்கு மேல் வாங்காமல், வாங்கியதை இறுக்கமான டப்பாவில் போட்டு, கோடைக்காலத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. நாக்கில் லேசான கசப்புத் தட்டினால் அதைச் சமைக்க வேண்டாம்.

காயும் பருப்பும்

இருவருக்கான அளவைச் சொல்கிறேன். 200 மில்லி டம்ளரால் ஒரு டம்ளர் ரோல்டு ஓட்ஸ், அதாவது சுமார் 75 கிராம். பாசிப்பருப்பு 40 கிராம், அதாவது மூன்று மேசைக் கரண்டி. காய்கறி எல்லாம் சேர்த்து 250 கிராம். ஓட்ஸையும் பருப்பையும் கூட்டினாலும் காயின் எடை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதைக் கவனியுங்கள். தட்டில் காய்தான் முதலில் கண்ணில் பட வேண்டும். கண்ணுக்கு அழகாக ஒரு கைப்பிடி காரட்டைத் தூவிவிட்டுக் காய்கறி உணவு என்று சொல்லிக்கொள்வது சரியன்று.

எனக்குப் பிடித்த சேர்க்கை ஒரு நடுத்தரக் காரட், பத்துப் பன்னிரண்டு பீன்ஸ், ஒரு கைப்பிடிப் பச்சைப் பட்டாணி, ஒரு தக்காளி, 12 சின்ன வெங்காயம், உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. காரட்டும் பீன்ஸும் கொடைக்கானல் மலையிலிருந்தும், சின்ன வெங்காயம் திண்டுக்கல் பக்கமிருந்தும் எங்கள் மதுரைக்கு வந்து இறங்குகின்றன. மொத்தமாக வாங்குவோருக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்டும் பரவை மார்க்கெட்டும் இருக்கின்றன. வீட்டுத் தேவைக்கு நான் போவது அண்ணா நகர் உழவர் சந்தைக்கு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாக 1999 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்ட அந்தச் சந்தையில், சுற்று வட்டாரத்து விவசாயிகள் தாங்களே பறித்த கீரையையும் காயையும் விடியற்காலையில் கொண்டுவந்து பரப்புகிறார்கள். ஏழு மணிக்குள் போனால் முருங்கைக்கீரைக் கொத்து ஈரத்தோடு கிடைக்கும். கொத்தின் காம்பைப் பிடித்து ஒரு முறை உதறிப் பாருங்கள். மஞ்சள் இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தால் அது நேற்றுப் பறித்த கீரை. பீன்ஸை நடுவில் ஒடித்தால் பட்டென்று முறிந்து, முறிந்த இடத்தில் நீர் துளிர்க்க வேண்டும். வளைந்து கொடுக்கும் பீன்ஸ் எவ்வளவு நேரம் வெந்தாலும் சக்கையாகத்தான் இருக்கும்.

பருவத்துக்கு ஏற்பக் காயை மாற்றிக்கொள்ளலாம். தை மாதத்தில் பச்சை மொச்சையும் அவரையும் மலிந்து கிடக்கும்போது பட்டாணியைத் தேட வேண்டியதில்லை. கோடையில் பீர்க்கங்காய், சுரைக்காய் இரண்டும் மிக நன்றாகப் பொருந்தும். அவை தாமே நீர் விடும் என்பதால் தண்ணீரில் கால் டம்ளரைக் குறைத்துவிட வேண்டும். வெண்டைக்காயை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஓட்ஸுக்கே இயல்பில் ஒரு வழவழப்பு உண்டு. அதோடு வெண்டைக்காயின் வழவழப்பும் சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது.

மற்றவை: இரண்டு பச்சை மிளகாய், ஒரு விரற்கடை இஞ்சி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம், முக்கால் தேக்கரண்டி உப்பு, நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் ஒரு மேசைக் கரண்டி, வறுத்த நிலக்கடலை இரண்டு மேசைக் கரண்டி, கெட்டியான தேங்காய்ப் பால் கால் டம்ளர், அரை எலுமிச்சம்பழம்.

பால் இல்லாமல் எப்படி என்று கேட்போருக்கு ஒரு சொல். மதுரைத் தெருக்களில் பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய பருத்திப் பாலைத் தள்ளுவண்டியில் வாங்கிக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். விதையிலிருந்தும் தேங்காயிலிருந்தும் பால் எடுப்பது நமக்குப் புதிதன்று. சோழவந்தான் பக்கத்துத் தேங்காய் அரை மூடியைத் துருவி, வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் இந்த அளவுக்குப் போதுமான முதற்பால் கிடைத்துவிடும்.

ஓட்ஸை வறுப்பது

இந்தச் சமையலில் பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான். எண்ணெய் எதுவும் விடாமல், இருப்புச்சட்டியை மிதமான தீயில் காயவைத்து, ஓட்ஸைப் போட்டு, தோசைக் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். பச்சை மாவின் வாசம்தான் வரும். மூன்றாவது நிமிடத்தில் சட்டியில் உரசும் ஓசை மாறும். காய்ந்த சருகு உரசுவது போலச் சலசலக்கும். நான்காவது, ஐந்தாவது நிமிடத்தில் வறுத்த வேர்க்கடலையை நினைவூட்டும் ஒரு வாசம் எழும்; ஓரங்கள் மட்டும் இளம்பழுப்பாகும். அப்போது ஓர் இதழை எடுத்து விரலிடையே அழுத்தினால் மடங்காமல் நொறுங்க வேண்டும். நொறுங்கியவுடன் ஒரு தட்டில் கொட்டிவிடுங்கள். தீயை அணைத்துவிட்டுச் சட்டியிலேயே விட்டுவைத்தால், இரும்பு தன் சூட்டை விடாமல் வைத்திருப்பதால் அடிப்பகுதி தீய்ந்துவிடும்.

ரவையை வறுத்துவிட்டு உப்புமா கிண்டுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இங்கும். ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து உண்டு. நீர் பட்டதும் அதுவும் மேற்பரப்பு மாவுச்சத்தும் சேர்ந்து பசையாக மாறுகின்றன. வறுப்பதால் மேற்பரப்பு உலர்ந்து இறுகி, பசை வெளியேறுவது மட்டுப்படுகிறது. இதழ் இதழாக வெந்து நிற்கிறது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே முறையில் வறுத்து, முழுவதும் ஆறிய பின் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால் காலை நேரத்தில் வேலை குறையும்.

தாளிப்பிலிருந்து இறக்கும் வரை

முதலில் பருப்பு. பாசிப்பருப்பை வாசம் வரும்வரை இலேசாக வறுத்து, கழுவி, ஒரு டம்ளர் நீரும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் சேர்த்துக் குக்கரில் இரண்டு விசில் விடுங்கள். பருப்பு மலர்ந்திருக்க வேண்டும், கரைந்துவிடக் கூடாது. அது வேகும் நேரத்தில் காயை நறுக்கிக்கொள்ளலாம். காரட்டையும் பீன்ஸையும் பட்டாணியின் அளவுக்கே நறுக்கினால் மூன்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேகும். சின்ன வெங்காயத்தை இரண்டாக வகிர்ந்தால் போதும்.

அடி கனமான பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்துக் கடுகு போடுங்கள். அது வெடித்து அடங்கியதும் உளுத்தம்பருப்பு. அது சிவக்கத் தொடங்கும்போது ஒன்றிரண்டாக உடைத்த மிளகும் சீரகமும். அவை பொரிந்த அந்த நொடியில் இஞ்சி, கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்தால்தான் பொங்கல் மணக்கும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் ஒரு முறை பொரித்துப் பாருங்கள், அந்த மணத்துக்கு ஒரு குறையும் இராது.

வெங்காயத்தைப் போட்டுக் கண்ணாடி போல ஆகும்வரை வதக்கி, பிறகு காரட், பீன்ஸ், பட்டாணி மூன்றையும் சேர்த்து, உப்பில் பாதியைப் போட்டு இரண்டு நிமிடம் வதக்குங்கள். அரை டம்ளர் தண்ணீர் தெளித்து மூடி, மிதமான தீயில் ஆறேழு நிமிடம் விட வேண்டும். இந்தக் கட்டத்தில் தக்காளியைச் சேர்க்காதீர்கள். புளிப்பு இருக்கும் நீரில் காய் இளகுவதற்கு அதிக நேரம் பிடிக்கும். பருப்பு வெந்த பிறகே சாம்பாருக்குப் புளி கரைத்து ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காரட் துண்டைக் கரண்டி விளிம்பால் அழுத்தினால் சிரமமின்றி வெட்டுப்பட வேண்டும். அதற்கு முன்பு அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஓட்ஸ் சேர்ந்த பின் காய் அதிகம் வேகப்போவதில்லை.

காய் வெந்ததும் நறுக்கிய தக்காளியைப் போட்டு இரண்டு நிமிடம் குழைய விட்டு, வெந்த பருப்பை அதன் நீரோடு சேர்த்து, ஒன்றரை டம்ளர் கொதிநீரையும் மீதி உப்பையும் சேருங்கள். இப்போது கரைசலைச் சுவைத்துப் பார்த்தால் உப்பு ஒரு துளி தூக்கலாகத் தெரிய வேண்டும். ஓட்ஸ் அதை இழுத்துக்கொள்ளும். நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது முருங்கைக்கீரையைப் போட்டு இரண்டு நிமிடம் மூடாமல் கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைத்து, ஒரு கையால் ஓட்ஸைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும்.

தூவி முடித்த பிறகு கரண்டியை அடிக்கடி உள்ளே விடாதீர்கள். கிளறக் கிளறப் பசைதான் கூடும். நிமிடத்துக்கு ஒரு முறை அடியைத் தொட்டுப் புரட்டினால் போதும். நான்கு அல்லது ஐந்து நிமிடத்தில், கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மெதுவாக வழிந்து விழும் பதம் வரும். "இன்னும் கொஞ்சம் இறுகட்டுமே" என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் அடுப்பை அணைக்க வேண்டும். மூன்று நிமிடம் மூடி வைத்தால் தானாகவே இறுகிப் பொங்கல் பதத்துக்கு வந்துவிடும். அடுப்பிலேயே இறுகினால் தட்டுக்கு வரும்போது களியாகிவிடும்.

தேங்காய்ப் பாலை அடுப்பை அணைத்த பின்னரே ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்து எண்ணெய் பிரியும். எலுமிச்சைச் சாற்றைப் பரிமாறுவதற்குச் சற்று முன் பிழிந்து, வறுத்த நிலக்கடலையை மேலே தூவுங்கள். எலுமிச்சை சுவைக்காக மட்டும் இல்லை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது, அந்த வைட்டமின் சூட்டில் அழியக்கூடியது. தொட்டுக்கொள்ளப் புதினாத் துவையல் போதும்.

டப்பாவில் கட்டிக்கொடுக்க

பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் எடுத்துச் செல்லத் தளர்ந்த பொங்கல் ஏற்றதன்று. மதியத்துக்குள் கல்லாக இறுகிவிடும். அதற்கு உப்புமாவைப் போல உதிரியாகச் செய்ய வேண்டும். வறுத்த ஓட்ஸின் மேல் நான்கு மேசைக் கரண்டித் தண்ணீரைத் தெளித்து, விரல் நுனியால் பிசிறி, ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். இதழ்கள் ஈரமாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. காய் வெந்து நீர் முழுவதும் வற்றிய பிறகு இதைச் சேர்த்து, புரட்டி, மிகச் சிறு தீயில் மூன்று நிமிடம் மூடிவைத்தால் ஆவியிலேயே வெந்துவிடும். இதற்குப் பருப்பைக் குழையவிடாமல் முக்கால் வேக்காட்டில் வடித்துச் சேர்க்கலாம். தேங்காய்ப் பாலுக்குப் பதிலாகத் தேங்காய்த் துருவல்.

எவ்வளவு, யாருக்கு

மேலே சொன்ன அளவில் ஒருவருக்கு ஏறத்தாழ 400 கலோரியும் 13 அல்லது 14 கிராம் புரதமும் கிடைக்கும். புரதத்தில் பெரும்பங்கு பருப்பும் நிலக்கடலையும் தருவது. ஓட்ஸில் குறைவாக இருக்கும் லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பாசிப்பருப்பு ஈடுசெய்கிறது. ஆகவே அவசரத்தில் பருப்பை விட்டுவிட்டுச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். முந்தின இரவே வேகவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

கொலஸ்ட்ராலைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் பீட்டா குளுக்கன் நாளொன்றுக்கு 3 கிராம் என்பதுதான் 1997-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பாக்கெட்டுகளில் இதய நலக் குறிப்பை அச்சிட அனுமதித்தபோது குறிப்பிட்ட அளவு. அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். இங்கே ஒருவர் பங்கில் இருப்பது அதில் பாதிதான். எனவே இந்த ஒரு கிண்ணத்தை மருந்தாக எண்ணி, மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் குறைப்பது ஆபத்து.

நார்ச்சத்துக்குப் பழகாதவர்கள் முதல் வாரம் பாதி அளவில் தொடங்கி, கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லையென்றால் வயிறு உப்புசம் கொள்ளும். குளூட்டன் என்னும் கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். கோதுமை அரைக்கும் ஆலைகளில் ஓட்ஸையும் பதப்படுத்துவது வழக்கம் என்பதால், குளூட்டன் இல்லை என்று சான்று அச்சிட்ட பாக்கெட்டையே வாங்க வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

மீந்துவிட்டால் இறுகிய பொங்கலில் சூடான நீரைக் கால் டம்ளர் விட்டு, மசிக்காமல் இளக்கி, மறுபடி சூடாக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அம்மா அதில் இரண்டு பிடி அரிசி மாவும் ஒரு வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, மாலையில் அடையாகச் சுட்டுவிடுவார். காய் அதிகமாக இருந்தால் அடை கல்லில் பிரியும். அப்போது மாவை ஒரு பிடி கூட்டிக்கொள்ள வேண்டும்.